பெரியவர் கொடுத்த வின்செஸ்டர்

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் இரண்டு வெண்கலம் வாங்கியதும், ஸ்வப்னில் குசாலே 50 மீட்டர் ரைஃபிளில் ஒரு வெண்கலம் வாங்கியதும் எங்கள் காலை நடைக் கோஷ்டியில் பெரிய பேச்சாகிவிட்டது. அம்மா மண்டபம் ரோட்டில் காபி குடிக்கும்போது ஒருவர் என்னைப் பார்த்து, "சார், நீங்ககூட அமெரிக்காவில துப்பாக்கி சுட்டீங்களாமே, உங்க வீட்டம்மா சொன்னாங்க" என்றார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். முழங்கால் வலிக்கு உறை மாட்டிக்கொண்டு நடக்கிற 72 வயது ஆளை அப்படிக் கற்பனை செய்து பார்ப்பது கஷ்டம்தான். அன்று பாதி சொன்னேன். மீதியை இங்கே எழுதுகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். இதோ.

கல்லூரியில் படிக்கும்போது நான் என்.சி.சி.யில் இருந்தேன். வருஷத்துக்கு ஒரு முறை .22 ரைஃபிளால் சுட விடுவார்கள். குப்புறப் படுத்து, ஆளுக்கு ஐந்து தோட்டா. என்னுடைய ஐந்தும் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் அடங்கின என்று இதுவரை பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். உண்மையில் நான்குதான் அடங்கின. அதன்பிறகு முப்பது வருஷத்துக்கு மேல் துப்பாக்கியைத் தொடவில்லை. 1979-ல் அமெரிக்கா போனேன். அரிசோனா மாநிலத்தில் ஃபீனிக்ஸ் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. முதல் பத்து வருஷம் என் மேலதிகாரியாக இருந்தவர்தான் இந்தக் கதையில் வரும் பெரியவர். அங்கே எல்லோரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். நானும் கூப்பிட்டேன். ஆனால் வீட்டில் நானும் மனைவியும் பேசும்போது அவர் எப்போதும் "பெரியவர்"தான். இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

பெரியவர் வாலிபத்தில் நல்ல சுடுவீரர். படுத்துச் சுடுவதுதான் அவர் துறை. 1956-ல் ஒஹாயோ மாநிலத்துக் கேம்ப் பெரியில் நடந்த தேசியப் போட்டிக்குப் போய் வந்தவர். பதக்கம் எதுவும் வாங்கவில்லை என்பதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்லுவார். அவரிடம் இருந்தது வின்செஸ்டர் 52 என்ற மாடல். கனெக்டிகட் மாநிலத்தில் நியூ ஹேவன் நகரத்தில், 1920 வாக்கில் தொடங்கி 1980 வரை செய்தார்கள். அந்தக் காலத்தில் அமெரிக்காவில் .22 போட்டிகளுக்குப் போகிறவர் கையில் பெரும்பாலும் இதுதான் இருக்கும். 28 அங்குலக் குழல், வால்நட் மரக் கட்டை, ஐந்து தோட்டா கொள்ளும் சின்ன மேகஸின். குழலின் மேல் அதே நீளத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு அன்எர்ட்டில் டெலஸ்கோப். இப்போதைய டெலஸ்கோப்பில் திருகு உள்ளே இருக்கும். இது அப்படியில்லை. குழாய் முழுவதுமே தாங்கியில் அசைந்து கொடுக்கும். வெளியே இரண்டு திருகு, ஒவ்வொரு திருப்புக்கும் 'டிக், டிக்' என்று கையில் தட்டும்.

2003 வாக்கில் பெரியவருக்குக் கண் போக ஆரம்பித்தது. விழித்திரையின் நடுப்பகுதி தேய்கிற வியாதி. ஓரத்தில் இருப்பது தெரியும், நேரே பார்ப்பது தெரியாது. சுவரில் கடிகாரம் இருப்பது தெரியும், மணி தெரியாது. குறி பார்த்தே வாழ்ந்தவருக்கு இப்படி ஒரு வியாதி. ஒரு நாள் கூப்பிட்டனுப்பினார். துணி உறையைப் பிரித்து, "நீ பள்ளிக்கூடத்தில் சுட்டதாகச் சொன்னாயே, எடுத்துப்போ" என்றார். அவர் மகள் டூசானில் இருப்பவர், அன்று வந்திருந்தார். கார் வரைக்கும் கூடவே வந்தார். "அப்பா கொடுப்பது அவர் இஷ்டம், எனக்கு வருத்தமில்லை. ஆனால் அதில் எதையும் மாற்றாதீர்கள். அவர் எப்படி வைத்திருந்தாரோ அப்படியே இருக்கட்டும்" என்றார். நான் சரி என்று தலையாட்டினேன். அந்தத் தலையாட்டல்தான் பின்னால் என்னைப் பத்து வருஷம் உறுத்தியது.

துப்பாக்கியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? படுத்துச் சுட எனக்கு இடுப்பு இடம் கொடுக்கவில்லை. பெரியவர்தான் சொன்னார், "நின்று சுடுகிற போட்டி ஒன்று இருக்கிறது. இரும்பு மிருகம். போய்ப் பார்."

இந்தப் போட்டி மெக்சிகோவிலிருந்து வந்தது. ஒரு காலத்தில் அங்கே திருவிழாக்களில் உயிருள்ள கோழி, ஆடு இவற்றைத் தூரத்தில் கட்டி வைத்துச் சுடுவார்களாம். சுட்டவனுக்கே அது சாப்பாடு. 1948-ல் மெக்சிகோ நகரத்தில் இரும்புத் தகட்டில் வெட்டிய உருவங்களை வைத்து நடத்தினார்கள். அறுபதுகளில் அது எல்லை தாண்டி அரிசோனாவுக்கு வந்தது. பெரிய துப்பாக்கிக்கு 200, 300, 385, 500 மீட்டர். .22-க்கு அதில் ஐந்தில் ஒரு பங்கு: 40, 60, 77, 100. உருவமும் ஐந்தில் ஒரு பங்குதான். 40 மீட்டரில் கோழி, தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிது. 60-ல் ஹாவலீனா என்கிற காட்டுப்பன்றி மாதிரியான பிராணி. (இது பன்றி இனமே இல்லை என்பார்கள். எங்கள் வீட்டுத் தோட்டத்துக் கள்ளிச் செடியை ராத்திரியில் வந்து மென்றுவிட்டுப் போகும். அதனால் அதைச் சுடுவதில் எனக்குத் தனி உற்சாகம்.) 77-ல் வான்கோழி. 100-ல் கொம்பு வைத்த ஆட்டுக்கடா.

என் மனைவி முதல் நாள் விவரம் கேட்டுவிட்டு, "என்னங்க, கோழி, பன்னி, வான்கோழி, ஆடு... வீட்டுக்குள்ள முட்டைகூட வந்ததில்லை. உங்க அம்மாகிட்ட என்னன்னு சொல்றது?" என்றாள். இரும்புத் தகடு என்று சொல்லு என்றேன். அம்மாவுக்குக் கடைசி வரை சொல்லவே இல்லை.

விதிகள் எளிமையானவை, ஈவிரக்கம் இல்லாதவை. நின்றுகொண்டு சுட வேண்டும். தோளில் வார் கூடாது, விறைப்பான சுடு-கோட்டு கூடாது, முட்டுக் கொடுக்க எதுவும் கூடாது. ஐந்து உருவம் ஒரு தண்டவாளத்தில் நிற்கும். இரண்டரை நிமிஷத்தில் இடமிருந்து வலமாக, ஒன்றுக்கு ஒரு தோட்டா. வரிசை மாறி அடித்தால் கணக்கில் இல்லை. கட்டளைகள் இன்னமும் ஸ்பானிஷில்தான்: லிஸ்தோ என்றால் தயார், ஃபுவேகோ என்றால் சுடு, ஆல்தோ என்றால் நிறுத்து. முக்கியமானது, உருவம் விழ வேண்டும். பட்டும் விழாவிட்டால் பூஜ்யம்.

இன்னொரு விதி எடை. டெலஸ்கோப்போடு சேர்த்து 10 பவுண்டு 2 அவுன்ஸ், அதாவது சுமார் 4 கிலோ 590 கிராம். அதற்கு மேல் ஒரு கிராம் கூடாது. பெரியவரின் வின்செஸ்டரைத் தராசில் வைத்தேன். 5 கிலோ 70. படுத்துச் சுடுகிறவனுக்கு எடை நண்பன், பூமிதானே தாங்குகிறது! அதனால் அந்தக் காலத்தில் எடையைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. எனக்கு இப்போது 480 கிராம் குறைக்க வேண்டும்.

டெலஸ்கோப் இருப்பதால் பழைய இரும்புக் குறிகள் தேவையில்லை. கழற்றினேன், 185 கிராம். கைக்கு முட்டுக் கொடுக்கும் இரும்பு, வார் மாட்டும் வளையம், இன்னொரு நூறு. இதெல்லாம் திருகிக் கழற்றுவது, திரும்ப மாட்டிவிடலாம். மகளிடம் ஆடிய தலைக்கு இதுவரை பங்கம் இல்லை. மிச்சம் 195 கிராம் மரத்திலிருந்துதான் வர வேண்டும்.

இரண்டு வாரம் சும்மா இருந்தேன். வேறு துப்பாக்கி வாங்கலாமா என்றுகூட யோசித்தேன். போட்டிக்கு வருகிறவர்கள் பாதிப் பேர் கையில் ஜெர்மன் ஆன்ஷுட்ஸ், இதற்கென்றே செய்தது. விலையைக் கேட்டுவிட்டு மரியாதையாக நகர்ந்துவிட்டேன். பெரியவர் தொலைபேசியில், "எப்போது போட்டி?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் விஷயத்தைச் சொன்னேன். மகளுக்குக் கொடுத்த வாக்கையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு கேட்டார், "அந்தத் துப்பாக்கி இப்போது யாருடையது? என்னுடையதா, அவளுடையதா?"

"என்னுடையது" என்றேன்.

"அப்படியானால் சனிக்கிழமை வருகிறேன். துளை போடும் கருவியைத் தயாராக வை."

சனிக்கிழமை எங்கள் கார் ஷெட்டில் அந்த வேலை நடந்தது. கட்டையின் பின்பக்கம், தோளில் படுகிற இடத்தில், ஓர் இரும்புத் தகடு இருக்கும். அதைக் கழற்றினால் வெறும் மரம். அதில் நீளவாக்கில் துளை போட்டால் வெளியே ஒன்றும் தெரியாது. பெரியவர் கட்டையை இரண்டு தொடைக்கும் நடுவே இடுக்கிப் பிடித்துக்கொண்டார். ஐம்பது வருஷம் தன் கன்னத்தை வைத்த மரம். நான் 19 மில்லி மீட்டர் துளைப்பானை வைத்தேன். கை நடுங்கியது. "நேராகப் பிடி. சாய்ந்தால் பக்கவாட்டில் வெளியே வந்துவிடும். எனக்குத் தெரியாது, நீதான் பார்க்க வேண்டும்" என்றார். நான்கு துளை, ஒவ்வொன்றும் ஒரு சாண் ஆழத்துக்குக் கொஞ்சம் குறைச்சல். வால்நட் தூள் காப்பிப்பொடி மாதிரி கொட்டியது. அதைக் கையில் அள்ளி முகர்ந்து பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. மனைவி அரிசி அளக்கும் தராசில் அந்தத் தூளை நிறுத்தோம், 104 கிராம். குழல் உட்காரும் பள்ளத்துக்கு அடியில் கொஞ்சம் சுரண்டியதில் ஐம்பது. இரும்புத் தகட்டுக்குப் பதில் பிளாஸ்டிக் தகடு போட்டதில் எழுபது. கடைசியில் 4 கிலோ 560. இரும்புத் தகடு, குறி, வளையம் எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்தேன்.

மகளுக்குச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதுதான். சொல்லவில்லை.

முதல் போட்டி, ஃபீனிக்ஸுக்கு வடக்கே பென் ஏவரி சுடுதளத்தில். 40 தோட்டாவுக்கு 9 விழுந்தது. நின்று சுடுவது என்பது என்னவென்று அன்றுதான் தெரிந்தது. டெலஸ்கோப்பில் பார்த்தால் குறிக்கம்பி கோழியைச் சுற்றி ஈ மாதிரி பறக்கிறது. நிற்கவே நிற்காது. நிற்கட்டும் என்று காத்திருந்தால் கை சோர்ந்து இன்னும் ஆடும். அது உருவத்தைக் கடந்து போகிற கணத்தில் ட்ரிகர் தானாகப் போன மாதிரி போக வேண்டும். போன பிறகும் அசையாமல் அப்படியே நிற்க வேண்டும். பழைய துப்பாக்கிக்கு இது ரொம்ப முக்கியம். ட்ரிகரை அழுத்தியதும் ஊசி போய்த் தோட்டாவைத் தட்ட, புதிய துப்பாக்கிகளைவிட ஒரு இம்மி நேரம் கூடுதல். குண்டும் நீளமான குழலைக் கடந்து வெளியே வர வேண்டும். அந்த இம்மிக்குள் நாம் தலையைத் தூக்கி 'விழுந்ததா' என்று பார்த்துவிட்டால், அது விழுந்திருக்காது. அதற்குப் பதிலாக அந்த நீளக் குழலால் ஒரு லாபமும் உண்டு: முன்பாரம். குட்டைத் துப்பாக்கி மாதிரி படபடவென்று ஆடாது, பெரிய படகு மாதிரி மெதுவாக அசையும். காற்றடிக்கிற நாளில் ஆன்ஷுட்ஸ்காரர்கள் என்னைக் கொஞ்சம் பொறாமையோடு பார்த்ததாக எனக்கு ஒரு நினைப்பு.

அடுத்த போட்டியிலிருந்து பெரியவர் கூடவே வர ஆரம்பித்தார். ஒவ்வொரு போட்டியாளருக்குப் பின்னாலும் ஒருவர் உட்கார்ந்து தொலைநோக்கியில் பார்த்துக் குண்டு எங்கே போகிறது என்று சொல்லலாம். எனக்குப் பின்னால் உட்கார்ந்தவருக்குக் கண் தெரியாது. மற்றவர்கள் முதலில் சிரித்தார்கள், கேலியாக இல்லை, ஆச்சரியத்தில். பெரியவர் காதால் பார்த்தார். காதடைப்பானையும் தாண்டி இரும்பின் சத்தம் கேட்கும். கோழி சட்டென்று 'டிக்'. ஆடு ஒரு மூச்சுப் போட்ட பிறகு 'டங்'. குண்டு அங்கே போய்ச் சேரக் கிட்டத்தட்ட ஒரு விநாடியில் மூன்றில் ஒரு பங்கு, சத்தம் திரும்பி வர அதே அளவு. அந்த இடைவெளியை வைத்தே எந்த மிருகம் என்று சொல்லுவார். பயிற்சியில் தப்பவே மாட்டார். போட்டியில் பத்துப் பேர் ஒரே சமயத்தில் சுடும்போது பக்கத்து ஆளின் ஆட்டை என் கணக்கில் சேர்த்ததும் உண்டு. "அடித்துவிட்டாய்!" என்பார். என் ஆடு அசையாமல் நின்று என்னைப் பார்க்கும்.

திருகை எண்ணுவதும் அவர் கற்றுக்கொடுத்ததுதான். 40 மீட்டருக்குக் குறி வைத்த துப்பாக்கியால் 100 மீட்டரில் சுட்டால் குண்டு கால் மீட்டர் கீழே இறங்கிவிடும். அதனால் ஒவ்வொரு தூரத்துக்கும் திருகை ஏற்ற வேண்டும். எங்கள் கணக்கு, கோழியிலிருந்து பன்றிக்கு 9 டிக், வான்கோழிக்கு 19, ஆட்டுக்கு 36. கட்டையில் காகிதம் ஒட்டி எழுதி வைத்திருந்தேன். "பார்க்காதே. விரலால் எண்ணு. கண்ணை இலக்குக்கு மிச்சம் வை" என்பார்.

ஒரு ஜூலை மாதப் போட்டி. தரையிலிருந்து கானல் எழும்பி, வான்கோழிகள் தண்ணீருக்குள் நிற்பது போல நெளிந்தன. வான்கோழிதான் நான்கிலும் கஷ்டமானது. காலும் கழுத்தும் நீளம், அடிக்க இடமே இல்லை. அன்று எப்படியோ ஐந்தில் நான்கு விழுந்துவிட்டது. என் வாழ்நாளில் அது முதல் தடவை. தலைகால் புரியவில்லை. அடுத்தது ஆடு. முதல் ஆட்டுக்குச் சுட்டேன். ஒன்றுமில்லை. இரண்டாவது, ஒன்றுமில்லை. பின்னாலிருந்து பெரியவர் மெதுவாக, "மண் சத்தம் கேட்கிறது. எத்தனை டிக்?" என்றார். திருகையே தொடவில்லை! வான்கோழியின் 19-லேயே நிற்கிறது. அவசரமாக 17 டிக் ஏற்றி மிச்சம் மூன்றையும் வீழ்த்தினேன். இரண்டு ஆடு அநியாயமாகப் போயிற்று. காரில் வீடு திரும்பும்போது அவர் ஒன்றும் திட்டவில்லை. 1956-ல் கேம்ப் பெரியில் தான் பக்கத்து ஆளின் இலக்கில் ஒரு தோட்டா சுட்டதை மட்டும் சொன்னார். இத்தனை வருஷத்தில் அதை என்னிடம் சொன்னது அன்றுதான்.

2007 நவம்பரில் அவர் கடைசியாக வந்தார். நடையே தள்ளாடியது, நாற்காலியை நான்தான் தூக்கிப் போனேன். அன்று எனக்கு நல்ல நாள். கடைசி வரிசை ஆடு, நான்கு விழுந்துவிட்டது, அதுவரை மொத்தம் 27. என்னுடைய பழைய உச்சமும் 27-தான். கடைசித் தோட்டா. குறிக்கம்பி ஆட்டின் தோளைக் கடக்கும்போது போய்விட்டது. 'டங்' என்று கேட்டது. ஆடு தண்டவாளத்தின் மேல் அரைவட்டம் சுற்றி, பக்கவாட்டில் திரும்பி, நின்றுகொண்டது. குண்டு காலில் பட்டிருக்கிறது. .22 குண்டுக்கு அந்த இரும்பைத் தள்ளும் பலம் அந்த இடத்தில் போதவில்லை.

நான் வாயைத் திறக்கவில்லை. சத்தம் கேட்டதால் விழுந்துவிட்டது என்று அவர் நினைத்துக்கொள்ளட்டும், 28 என்றே இருக்கட்டும் என்று ஒரு கணம் தோன்றியது. அவர் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். "பட்டது. விழவில்லை, இல்லையா?" என்றார். விழுந்த இரும்பு தரையில் மோதுகிற இரண்டாவது சத்தம் வரவில்லை என்று பிறகு விளக்கினார். ஆமாம், விழவில்லை என்றேன். "27 நல்ல எண்" என்றார்.

அடுத்த மார்ச் மாதம் போய்விட்டார். நான் 2013 வரை அந்தத் துப்பாக்கியோடுதான் சுட்டேன். 27-ஐத் தாண்டவில்லை.

2014-ல் ஸ்ரீரங்கத்துக்கே திரும்பிவிடுவது என்று முடிவானதும் வீட்டுச் சாமான்களைப் பிரித்தோம். துப்பாக்கியை இங்கே கொண்டு வருவதற்கு லைசென்ஸ், அனுமதி என்று படி ஏறி இறங்க எனக்குத் தெம்பில்லை. அது போக வேண்டிய இடமும் எனக்குத் தெரியும். கட்டையில் பழைய இரும்புத் தகட்டை மாட்டினேன். இரும்புக் குறிகளை மாட்டினேன், வளையத்தை மாட்டினேன். பார்த்தால் 2004-ல் வாங்கிய அதே பொருள். டூசானுக்குப் போகிற வழியெல்லாம், அப்படியே கொடுத்துவிட்டு வந்தால் யாருக்குத் தெரியும் என்று ஒரு குரல். மனைவி பக்கத்தில் உட்கார்ந்து, "சொல்லிடுங்க, இல்லேன்னா திருச்சி வந்தும் தூங்க மாட்டீங்க" என்றாள்.

மகளுக்கும் அறுபது நெருங்கியிருந்தது. உறையைப் பிரித்துப் பார்த்தார், கட்டையைத் தடவிப் பார்த்தார், முகம் மலர்ந்தது. நான் திருப்புளியைக் கேட்டு வாங்கி, தகட்டைக் கழற்றி, நான்கு துளையையும் காட்டினேன். எடை, விதி, சனிக்கிழமை, எல்லாம் சொன்னேன். அவர் ரொம்ப நேரம் அந்தத் துளைகளைப் பார்த்தார். ஒன்றில் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தார்.

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"அவர்தான் கட்டையைப் பிடித்துக்கொண்டார்."

"நேராகப் பிடித்தாரா?"

"நேராகத்தான் பிடித்தார். மூன்றாவது மட்டும் என் கையால் கொஞ்சம் சாய்ந்துவிட்டது" என்றேன்.

அவர் மூன்றாவது துளையைக் குனிந்து பார்த்தார். பிறகு திருப்புளியை என் கையிலிருந்து வாங்கி, தகட்டைத் தானே திரும்ப மாட்டினார்.